புலி முகமூடி செய்தால் புலி பிழைக்குமா?

ஜனவரி 9 – ஒரு வாசகரின் கேள்வி

பள்ளியில் 'அருகிவரும் விலங்குகள் வாரம்' என்று பிள்ளையிடம் புலி முகமூடி செய்துவரச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிவரை அட்டையும் பசையுமாக உட்கார்ந்தோம். நாளைக்கு அதை மாட்டிப் படம் எடுப்பார்கள், மறுநாள் குப்பைக்குப் போகும். காட்டிலிருக்கும் புலிக்கு இதனால் என்ன லாபம்? யாராவது மறைக்காமல் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

அந்த முகமூடியால் புலிக்கு ஒரு லாபமும் இல்லை. மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள், சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டு வருடமாகக் குழந்தைகளோடு காகிதக்கூழில் விலங்குகள் செய்கிறேன். கைவேலையால் ஒரு விலங்குக்கு நல்லது நடந்த இடங்கள் உண்டு. தூக்கக் கலக்கத்தில் அவசரமாக ஒட்டிய முகமூடி அந்தக் கணக்கில் வராது. எந்த இரண்டு புலிக்கும் கோடுகள் ஒரே மாதிரி இருக்காது. காட்டில் தானியங்கிக் கேமரா வைத்துப் புலிகளை எண்ணுகிறவர்கள், அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் இது ஏற்கெனவே பதிவான புலி, இது புதிது என்று பிரிக்கிறார்கள். முகமூடி செய்யச் சொன்னபோது இதை யாராவது சொன்னார்களா என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

ஜனவரி 10, காலை

நேற்று எழுதியது கடுமையாகிவிட்டது. பிள்ளை உட்கார்ந்து வெட்டி ஒட்டியதைக் குறை சொல்லவில்லை. வேலை கொடுத்த விதத்தில்தான் எனக்கு வருத்தம்.

ஜனவரி 10, மதியம்

கைவேலை எதற்கு உதவும் என்று நான் நம்புகிறேனோ அதை ஒரு அழுங்கை வைத்துச் சொல்கிறேன். எறும்புத்தின்னி என்றும் சொல்வோமே, அதுதான். ஆசியாவில் நான்கு இனம், ஆப்பிரிக்காவில் நான்கு இனம், மொத்தம் எட்டு.

முதல் தடவை ஒரு குழுவோடு செய்தபோது, செய்தித்தாளைச் சுருட்டி நூலால் கட்டி உடம்பு பிடித்தோம். மேலே கூழ் பூசி இரண்டு நாள் காயவைத்தோம். தடித்த பழுப்புக் காகிதத்தில் இலை வடிவத்தில் செதில்கள் வெட்டிக்கொண்டு, தலையிலிருந்து வரிசையாக ஒட்ட ஆரம்பித்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி அதைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினாள். விரல் ஒவ்வொரு செதிலிலும் இடித்தது, நாலைந்து பிய்ந்து வந்துவிட்டன. அவள் அழவில்லை. மேசையிலிருந்த புகைப்படத்தை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "இதை வாலிலிருந்து ஆரம்பிக்கணும்."

சரியாகச் சொன்னாள். கூரைக்கு ஓடு வேய்கிறவர் கீழ் விளிம்பிலிருந்துதான் மேலே போவார். அழுங்கின் செதில் நுனி வாலைப் பார்த்து இருக்கிறது. அதனால் முதல் வரிசை வாலில். அடுத்த வரிசை, முன்வரிசையின் அடியை மூடிக்கொண்டு ஒரு படி தலைப்பக்கமாக. எல்லாவற்றையும் உரித்துவிட்டு மறுபடி ஒட்டினோம். ஒட்டும்போதே கேள்விகள் வந்தன. செதில் எதனால் ஆனது? கெரட்டின், நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருள். ஒரு பையன் தன் நகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "அப்போ நகத்தையா மருந்துன்னு வாங்கறாங்க?" என்றான். ஆமாம், அதற்காகத்தான் கொல்கிறார்கள். 2016இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் நாடுகள் கூடி எட்டு இனங்களுக்கும் பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்தன. கடத்தல் அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

பாடமாக நடத்தியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. விரல் இடித்ததால் வந்தது.

ஜனவரி 13

"விழிப்புணர்வு வந்தால் போதாதா, நீங்கள் ஏன் எல்லாவற்றையும் அளக்கிறீர்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விழிப்புணர்வு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஒரு கண்காட்சி ஞாபகத்துக்கு வருகிறது. நாங்கள் செய்த நாற்பது விலங்குகள், நல்ல வெளிச்சம், நல்ல கூட்டம். எல்லாரும் பாராட்டினார்கள். கடைசியில் ஒரு சிறுமி என் கையைப் பிடித்து, "சரி, இப்போ நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அதற்கு நான் தயாராகவே வரவில்லை.

அதற்குப் பிறகு பண்ணிய ஒரே நல்ல மாற்றம், எண்ணிக்கையைக் கண்ணால் பார்க்கவைப்பது. இது என் யோசனை இல்லை. 2008இல் பாலோ கிராஞ்சோன் என்ற பிரெஞ்சுச் சிற்பி, உலக வனவிலங்கு நிதியத்தோடு சேர்ந்து 1600 காகிதக்கூழ் பாண்டாக்களைச் செய்து ஊர் ஊராகப் பொதுவெளியில் உட்காரவைத்தார். காட்டில் அப்போது மீதி இருந்ததாகச் சொல்லப்பட்ட எண்ணிக்கை கிட்டத்தட்ட அவ்வளவுதான். 1600 என்று படித்தால் மனதில் ஒன்றும் விழாது. ஒரு சதுக்கத்தில் அவ்வளவும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், இவ்வளவுதானா என்று தோன்றும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது வாக்கிட்டா. ஓங்கிலுக்கு, அதாவது டால்பினுக்கு உறவான, ஒன்றரை மீட்டர்கூட எட்டாத சின்னக் கடல் உயிர். கண்ணைச் சுற்றிக் கரிய வளையம், உதட்டிலும் கருப்பு. மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவின் வடமுனையில் மட்டும் வாழ்கிறது. டொடோவாபா என்ற மீனின் காற்றுப்பைக்காகக் கள்ளத்தனமாக விரிக்கும் செவுள் வலைகளில் மாட்டி, மேலே வந்து மூச்சுவிட முடியாமல் சாகிறது. மிச்சம் இருப்பது பத்து அல்லது கொஞ்சம் கூடக்குறைய. பத்து செய்தோம். ஒரு மேசையில் வைத்தோம், பாதி மேசை காலியாக இருந்தது. "மத்தது எங்கே?" என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள்.

ஜனவரி 14

நேற்றைய குறிப்பில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பாண்டா எண்ணிக்கை பிறகு கூடியிருக்கிறது. 2015இல் வெளியான கணக்கெடுப்பில் 1864. 2016இல் ஐயூசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அதை 'அருகிவரும்' பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கி 'பாதிக்கப்படக்கூடிய' பட்டியலுக்கு மாற்றிவிட்டது. காடுகளைக் காத்ததாலும் மூங்கில் நிலங்களை மீட்டதாலும் நடந்தது அது. பொம்மைகளால் நடந்தது என்று நான் சொல்லவரவில்லை.

பாண்டா பேச்சு வந்ததால் இன்னொன்று. உலக வனவிலங்கு நிதியம் 1961இல் பாண்டாவைச் சின்னமாக எடுத்துக்கொண்டதற்கு, அப்போது லண்டன் விலங்குக் காட்சிச்சாலைக்கு வந்திருந்த சீ சீ என்ற பாண்டா ஒரு காரணம். கருப்பு வெள்ளையில் அச்சடித்தால் செலவு குறைவு என்பது இன்னொரு காரணம். செலவை மிச்சம் பிடிக்க எடுத்த முடிவு இன்றுவரை நிற்கிறது. குழந்தைகளுக்கும் இரண்டே வண்ணம் போதும்.

ஜனவரி 19

பொருள்களைப் பற்றிப் பேசாமல் இதையெல்லாம் பேசுவது தப்பு. ஒரு வாரமாக மனதை அறுக்கிறது.

பல வருடம் நான் பயன்படுத்திய ஒரு தூரிகை உண்டு. முடி பழுப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாக இருக்கும், நுனி கூராக நிற்கும், மெல்லிய கோட்டுக்கு அதைப்போல ஒன்று கிடையாது. புலி மீசைகூட அதில் போட்டிருக்கிறேன். அது கீரி முடி என்று பிறகுதான் தெரிந்தது. கீரியைக் கொன்றுதான் அந்த முடியை எடுக்கிறார்கள். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரியைப் பிடிப்பதும் அதன் முடியை விற்பதும் குற்றம். இருந்தும் தூரிகை புழக்கத்தில் இருக்கிறது. அழிந்துவரும் ஒரு விலங்கைக் காப்பாற்றுங்கள் என்று எழுத, கொல்லப்பட்ட இன்னொரு விலங்கின் முடியைப் பிடித்திருந்தேன். இப்போது நைலான்தான். நுனி கொஞ்சம் சீக்கிரம் விரிகிறது. விரியட்டும்.

இறகு, சங்கு, பவளத்துண்டு, ஆமையோடு, எது என்றாலும் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஒட்டாதீர்கள். தெர்மாகோலும் மினுமினுப்புத் தூளும்கூட வேண்டாம். கடலாமைக்காகச் செய்யும் பொம்மையிலிருந்தே உதிர்ந்து கடலுக்குப் போகக்கூடியவை அவை.

ஜனவரி 20

"தூரிகைக்கே இவ்வளவா" என்று கேட்டவருக்கு. கைவினையே ஒரு உயிரைத் தீர்த்துக்கட்டிய கதைகள் நிறைய. அழுங்காமை என்ற கடலாமையின் ஓட்டிலிருந்து சீப்பும் பெட்டியும் செய்தது கைத்திறன்தான். யானைத் தந்தத்தில் நுணுக்கமாகச் செதுக்கியவர்களின் திறமையை யாரும் மறுக்க முடியாது, அந்தத் திறமைக்காகவே யானைகள் விழுந்தன. 1989இல் சைட்ஸ் நாடுகள் யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்யும்வரை அது சட்டப்படியே நடந்தது. திபெத்திய மான் ஒன்றின் அடிமயிரில் நெய்யும் ஷாதூஷ் சால்வைக்கு, ஒன்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து மான்வரை கொல்ல வேண்டியிருக்கும். ஆட்டுக்குக் கத்தரிப்பதுபோல உயிரோடு விட்டுக் கத்தரிக்கும் வழி அதற்கு இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. தொப்பியில் கொக்கின் இறகு சூடுவது மோகமாக இருந்த காலத்தில், பாஸ்டனில் ஹாரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்ற இரண்டு பெண்கள் 1896இல் தங்களுக்குத் தெரிந்த பெண்களையெல்லாம் தேநீருக்குக் கூப்பிட்டு, இனி இறகு சூட மாட்டோம் என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அங்கே தொடங்கியது, பறவைகளைக் காக்கும் மாசச்சூசெட்ஸ் ஆடுபான் சங்கம். கொக்குக்கு அந்த அழகான இறகுகள் வருவதே இனப்பெருக்கக் காலத்தில்தான். தாயைச் சுட்டால் கூட்டிலிருக்கும் குஞ்சும் சேர்ந்து பட்டினியில் போகும். சூடுகிறவர்களே நிறுத்தியது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஜனவரி 26

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். இந்த வாரம் ஒரு பையன் 'சிறுத்தை' செய்துகொண்டு வந்தான். கண்ணிலிருந்து வாய்வரை கருப்புக் கோடு, உடம்பெல்லாம் நிறைந்த கரும்புள்ளி. அது சிவிங்கிப்புலி. சிறுத்தைக்கு அந்தக் கண்ணீர்க் கோடு கிடையாது, புள்ளிகளும் நடுவில் வெற்றிடம் விட்டு ரோஜா இதழ் சுற்றினாற்போல இருக்கும். அமெரிக்கக் கண்டத்து ஜாகுவார் என்றால் அந்த வளையத்துக்குள்ளேயே ஒன்றிரண்டு பொட்டு. மூன்றையும் ஒரே தாளில் வரையச் சொன்னேன். வரைந்து முடித்தபின் அவன் யாரையும் விடவில்லை. சுவரில் இருந்த படத்தில், பையில் இருந்த படத்தில், என் சட்டைத் துணியில் என்று எல்லா இடத்திலும் புள்ளிகளைச் சோதித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னான். என் சட்டை ஜாகுவாராம்.

தப்பான படம் ரொம்ப காலம் வாழும், அதனால்தான் இதில் பிடிவாதம். 1515இல் ஆல்பிரெக்ட் டியூரர் என்ற ஜெர்மானிய ஓவியர் ஒரு காண்டாமிருகத்தை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டார். குஜராத் சுல்தானிடமிருந்து போர்ச்சுகீசியர் கைக்கு வந்து லிஸ்பனில் போய் இறங்கிய மிருகம் அது. டியூரர் அதைப் பார்த்ததே இல்லை. ஒரு கடிதத்தையும் யாரோ போட்ட கோட்டோவியத்தையும் வைத்து வரைந்தார். தோல் இரும்புக் கவசமானது, தோளுக்கு மேல் இல்லாத ஒரு குட்டிக் கொம்பும் முளைத்தது. ஐரோப்பாவில் இருநூறு வருடத்துக்கு மேல் அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் காண்டாமிருகம் வரைந்தார்கள். பிரமாதமான வேலை, அதில் சந்தேகமில்லை. தப்பு நிலைத்ததற்கு அதுவும் காரணம்.

பிப்ரவரி 2

முதல் நாள் "நல்லது நடந்த இடங்கள் உண்டு" என்று எழுதிவிட்டுச் சொல்லாமலே இருக்கிறேன் என்று சுட்டியிருக்கிறார்கள். நியாயம்.

மங்கோலியாவில் ஆடு மேய்க்கும் குடும்பங்கள். பனிச்சிறுத்தை வந்து ஆட்டை அடிக்கும், பதிலுக்கு அவர்கள் அதைக் கொல்வார்கள். அங்கே ஸ்னோ லெப்பர்ட் டிரஸ்ட் அமைப்பு 1990களின் கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தது. அந்தப் பெண்கள் தங்கள் ஆட்டுக் கம்பளியில் செய்யும் பொருள்களை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வார்கள். அந்த வட்டாரத்தில் ஒரு பனிச்சிறுத்தையும் கொல்லப்படவில்லை என்றால் வருடக் கடைசியில் எல்லாருக்கும் ஊக்கத்தொகை. ஒருவர் கொன்றாலும் அத்தனை பேருக்கும் அது போய்விடும். அதனால் பனிச்சிறுத்தையைக் கொல்ல யாரும் யாரையும் விடுவதில்லை. பொம்மை வாங்குகிறவருக்குப் பனிச்சிறுத்தையைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பது இங்கே இரண்டாவது விஷயம்.

அசாமில் ஹர்கிலா என்ற பெருநாரை. எலும்பை விழுங்குவது என்று பெயருக்கு அர்த்தம். வழுக்கைத் தலை, தொங்கும் பை, கூட்டிலிருந்து விழும் நாற்றமடிக்கும் மிச்சம்மீதி. அபசகுனம் என்று சொல்லிக் கூடு இருக்கும் மரத்தையே வெட்டினார்கள். பூர்ணிமா தேவி பர்மன் என்ற உயிரியலாளர் அந்தக் கிராமப் பெண்களைத் திரட்டினார். ஹர்கிலா படை என்றே பெயர். பறவைக்கு வளைகாப்பு நடத்தினார்கள். தறியில் ஹர்கிலா உருவத்தைப் புடவையிலும் துண்டிலும் நெய்தார்கள், அது விற்று வீட்டுக்கு வருமானம் வந்தது. முகம் சுளித்த பறவை இப்போது அவர்கள் முந்தானையில் நிற்கிறது. 2022இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது. 2023இல் ஐயூசிஎன் அந்த நாரையை 'அருகிவரும்' நிலையிலிருந்து 'அச்சுறு நிலையை அண்மித்த' நிலைக்கு மாற்றியது.

இரண்டிலும் செய்கிற கை, அந்த விலங்கோடு ஒரே மண்ணில் வாழ்கிறவரின் கை. என் பட்டறையில் அது இல்லை. இதை எழுதும்போதுதான் எனக்கே தெளிவாகிறது. நான் இனி அப்படிப்பட்டவர்களின் வேலையை வாங்கிக் குழந்தைகள் கையில் கொடுத்துத்தான் பட்டறையைத் தொடங்கப்போகிறேன்.

பிப்ரவரி 8

இதைப் பகிராமல் இருக்க முடியவில்லை. இத்தனை நாள் மனிதர் பார்ப்பதற்காகச் செய்யும் பொருள்களையே பேசினோம். விலங்கே பார்ப்பதற்காகச் செய்த பொருள்கள் இருக்கின்றன.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஈஸ்டர்ன் எக் ராக் என்ற சின்னத் தீவு. வேட்டையால் அங்கே பஃபின் கடற்பறவைகள் ஒன்றுகூட இல்லாமல் போயின. 1973இலிருந்து ஸ்டீபன் கிரெஸ் என்ற பறவையியலாளர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்து விட்டார். பறந்துபோனவை திரும்ப வர வேண்டுமே. பஃபின் கூட்டமாக இருக்கும் இடத்தில்தான் இறங்கும். அதனால் மரத்தில் பஃபின் செதுக்கி வண்ணம் பூசிப் பாறைகளில் நிறுத்தினார். வந்தன. மரப்பறவைக்குப் பக்கத்தில் நின்று, அலகால் தொட்டுப் பார்த்தன. 1981இல் அங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன.

கலிபோர்னியக் காண்டோர் என்ற பெரும்பறவை 1982இல் வெறும் 22. மிச்சமிருந்ததையெல்லாம் 1987க்குள் பிடித்து அடைப்பில் வைத்துப் பெருக்கினார்கள். குஞ்சு மனிதரைத் தாய் என்று நினைத்துவிடக் கூடாது என்று, காண்டோர் தலை மாதிரியே செய்த கைப்பாவையை மாட்டிக்கொண்டு இரை ஊட்டினார்கள். இன்று 500க்கு மேல் இருக்கின்றன.

அப்புறம் ஆமை முட்டை. முப்பரிமாண அச்சில் செய்த போலி முட்டைக்குள் ஜிபிஎஸ் வைத்து, கோஸ்டா ரிகாவில் 101 கூடுகளில் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். கால்வாசி திருடு போயின. ஒன்று 137 கிலோமீட்டர் பயணம் செய்து, முட்டை கைமாறும் வழியைக் காட்டிக்கொடுத்தது. ஓட்டின் மங்கல் வெள்ளையும் தொட்டால் தெரியும் சொரசொரப்பும் சரியாக வந்ததால்தான் திருடன் ஏமாந்தான். கைவேலை செய்கிறவர்கள் இதைப் படித்து நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம்.

பிப்ரவரி 9

பெரியவர்கள்கூட மரப் பஃபின் செய்யக் கேட்கிறார்கள். செய்யலாம். எந்த மரம் என்று மட்டும் முதலில் கேளுங்கள்.

பிப்ரவரி 16

எல்லாரும் புலி, யானை, பாண்டா என்றே கேட்கிறார்கள். இந்த முறை பாறு கழுகு செய்வோம் என்றேன். பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கழுத்து ஏன் மொட்டையாக இருக்கிறது என்று ஒருவன் கேட்டதிலிருந்து மாறியது. செத்த மாட்டின் உடலுக்குள் தலையை விட்டுத் தின்னும் பறவைக்கு அங்கே இறகு இருந்தால் எல்லாம் ஒட்டிக்கொள்ளுமே. வெயிலில் சூட்டைத் தணிக்கவும் அந்த வெற்றுத் தோல் உதவுகிறது. மாட்டுக்கு வலி நீங்கப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் உடம்பில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. தெற்காசியாவில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு ஒன்றிரண்டு மிஞ்சினால் அதிகம் என்ற நிலைக்கு வந்தது. இந்தியா 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. "அப்போ மாட்டு டாக்டர்கிட்ட சொல்லணும்" என்றாள் ஒரு பெண்.

கண்காட்சியில் என் கையைப் பிடித்துக் கேட்ட சிறுமிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இந்த மாதிரிதான். யாரிடம், எதை என்று ஒரு வரியில்.

மார்ச் 3

உலக வனவிலங்கு நாள். 1973இல் சைட்ஸ் ஒப்பந்தம் கையெழுத்தான நாளும் இதுதான்.

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். முகமூடி குப்பைக்குப் போய்விட்டது. ஆனால் பிள்ளை அழுங்குக் குறிப்பைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இரண்டு வாரமாக ஒரு அழுங்கு செய்கிறாளாம். பள்ளிக்கு இல்லை, அவளுக்கு. சுருண்ட அழுங்கு வேண்டுமாம், எப்படி என்று கேட்கிறார்.

அழுங்கு ஏன் சுருளும் என்று அவளுக்குச் சொல்லுங்கள். பயந்தால் பந்தாகிவிடும். சிங்கம் உருட்டும், கடிக்கும், பல் இறங்காமல் விட்டுவிட்டுப் போய்விடும். மனிதருக்கு அது வசதி. ஓடாத விலங்கைக் குனிந்து எடுத்துக் கோணியில் போட்டுக்கொள்கிறார்கள்.

செய்முறை: கூழ் ஈரமாக இருக்கும்போதே உடம்பைச் சுருட்டிவிடுங்கள், காய்ந்தபின் வளைத்தால் முதுகு வெடிக்கும். முழுக்கக் காய்ந்த பிறகே செதில், வாலிலிருந்துதான். வளைவில் செதில் விரிந்து இடைவெளி தெரியும், அங்கே கொஞ்சம் அகலமாக வெட்டிக்கொள்ளட்டும். சுருட்டினால் முகம் உள்ளே மறைந்துவிடும், அதனால் முகத்தை முதலிலேயே முடிக்கச் சொல்லுங்கள். வெளியே தெரியாவிட்டாலும் கண் வைக்கட்டும்.

குட்டி இருந்தால் தாய் அதை நடுவில் வைத்துத்தான் சுருளும் என்று சொன்னேன். குட்டிக்கு எவ்வளவு சின்னச் செதில் வெட்டுவது என்று உடனே கேள்வி வந்திருக்கிறது. நகத்துண்டு அளவு போதும். குட்டிக்குச் செதில் வெளுத்தும் மெத்தென்றும் இருக்கும், அதனால் மெல்லிய காகிதம். சுருட்டுவதற்கு முன்னால் உள்ளே வைத்துவிடுங்கள்.